பயோடேட்டாவில் அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள். டீச்சர் எங்கேயும் ஓடிப்போக மாட்டேன்.

போன வாரம் எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பதற்காக பயோடேட்டா தயார் செய்தார்கள். "நீங்க இத்தனை வருஷம் இங்கிலீஷ் பாடம் எடுத்தவங்க, ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுங்க" என்று எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்கள். சிவப்பு மைப் பேனாவை எடுத்து வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, ஆனால் அந்தப் புத்தி போகவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பெயர், நட்சத்திரம், உயரம், படிப்பு, வேலை எல்லாம் சரி. 'காம்ப்ளெக்ஷன்' என்ற இடத்தில் 'ஃபேர்' என்று இருந்தது.

அந்தப் பெண் மாநிறத்துக்கும் ஒரு படி கறுப்பு. பிறந்ததிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான், எனக்குத் தெரியாதா? அவள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்கா, அதெல்லாம் எல்லாரும் போடறதுதான். ஃபேர்னு போடலைன்னா போட்டோவைக்கூடத் திறந்து பார்க்க மாட்டாங்க" என்றாள். அன்று ராத்திரி அந்தப் பெண்ணே எனக்கு போன் செய்தாள். "பெரியம்மா, முதல் பக்கத்திலேயே பொய்யோடதான் ஆரம்பிக்கணுமா?" என்று கேட்டாள். என்னிடம் உடனே பதில் இல்லை. ஒரு வாரமாக யோசித்து, இப்போது சொல்கிறேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். யார் வீட்டுப் பெண் என்று கமெண்டில் யாரும் துப்பறிய வேண்டாம்.

முதலில் அந்தச் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் மொழியியல் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்தவள். ஆனால் அகராதி பார்க்கத் தெரியும். உங்களுக்கும் அதைத்தான் கற்றுக் கொடுத்தேன்.

'ஃபேர்' ஆங்கிலத்தின் மிகப் பழைய சொற்களில் ஒன்று. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அப்போது அதற்குப் பொருள் அழகானது, பார்க்க இதமானது என்பதுதான். ஆளையும் சொல்லலாம், ஊரையும் சொல்லலாம், வானத்தையும் சொல்லலாம். மழை மூட்டம் இல்லாமல் வானம் தெளிவாக இருந்தால் 'ஃபேர் வெதர்' என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கப்பல் போகும் திசைக்கு ஒத்து வீசும் காற்றுக்கு 'ஃபேர் விண்ட்' என்று பெயர். காற்றுக்கு என்ன நிறம்?

இன்னும் பின்னால் போனால் இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. ஆங்கிலத்துக்குப் பெரியப்பா முறை ஆகும் ஒரு மொழி இருந்தது. கோத்திய மொழி என்று பெயர். இன்று அதைப் பேச ஆள் இல்லை. 4ஆம் நூற்றாண்டில் அந்த மொழியில் பைபிளை மொழிபெயர்த்தார்கள். அதில் லூக்கா சுவிசேஷத்தில், சாரம் போன உப்பு எதற்கும் உதவாது என்று இயேசு சொல்லும் இடத்தில், 'உதவும், ஏற்றதாக இருக்கும்' என்ற பொருளில் வரும் சொல் நம்முடைய 'ஃபேர்' என்ற சொல்லுக்கு உடன்பிறந்தது. ஏற்றது, பொருந்துவது. நம் பேச்சில் சொன்னால், பொருத்தம். பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் பண்ணுகிற ஊரில், பொருத்தம் என்ற பொருளோடு பிறந்த குடும்பத்துச் சொல்லைக் கொண்டுவந்து தோல் நிறத்துக்கு ஒட்டி வைத்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் இதற்கு எதிர்ச்சொல் எது தெரியுமா? 'டார்க்' என்று சொல்லாதீர்கள். பழைய ஜோடி 'ஃபேர்', 'ஃபவுல்'. கபடியில், ஃபுட்பாலில் நடுவர் விசில் ஊதினால் "ஃபவுல்" என்று கத்துவீர்களே, அதேதான். அழகுக்கு எதிர் அசிங்கம், தெளிவுக்கு எதிர் அழுக்கு, நேர்மைக்கு எதிர் அழுகுணி ஆட்டம். அழகு, தெளிவு, நேர்மை மூன்றும் ஒரே சொல்லில் சேர்ந்து வந்தன. நியாயம் என்ற பொருளும் அதில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குடியேறிவிட்டது.

வெளுத்த தோல், வெளிர் முடி என்ற பொருளும் இந்தச் சொல்லுக்கு வந்தது உண்மைதான். நான் மறைக்கவில்லை. எந்த அகராதியைத் திறந்தாலும் இருக்கிறது. ஆனால் அது மூலப் பொருள் இல்லை, பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. எப்படி ஒட்டியது? வெளுத்த ஆளைத்தான் அழகு என்று அந்த ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். அதனால் அழகுக்கு இருந்த சொல்லே வெளுப்புக்கும் பெயராகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் சானட்டுகள் 1609இல் அச்சாயின. அதில் 127ஆவது கவிதையில், கறுப்பை ஏன் அழகு என்று எண்ணவில்லை என்று, இந்த 'ஃபேர்' என்ற சொல்லை வைத்தே விளையாடுகிறார். நானூறு வருஷத்துக்கு முன்பே அந்த ஊர்க் கவிஞருக்கு இந்தச் சொல்லில் ஏதோ உறுத்தியிருக்கிறது. நமக்கு இன்னும் உறுத்தவில்லை.

கடைத்தெருவில் மாட்டியிருக்கும் 'ட்ரேட் ஃபேர்' போர்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது வேறு சொல். திருவிழா என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. பஸ் டிக்கெட் கட்டணத்துக்குச் சொல்லும் 'ஃபேர்' எழுத்திலேயே வேறு. இதை வகுப்பில் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

சரி, இங்கிலாந்தை விடுங்கள். நம் ஊரில் இந்தச் சொல்லை நாமே எத்தனை இடத்தில் சரியாகப் பயன்படுத்துகிறோம் பாருங்கள்.

ரஃப் நோட்டு, ஃபேர் நோட்டு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக எழுதுவது ஃபேர் நோட்டு. வெள்ளைத் தாளில் எழுதுவதால் அது ஃபேர் நோட்டு ஆகவில்லை. ரஃப் நோட்டும் வெள்ளைத் தாள்தான்.

ரேஷன் கடைக்கு ஆங்கிலத்தில் 'ஃபேர் ப்ரைஸ் ஷாப்'. நம் அரசாங்கம் அதை அழகாக 'நியாய விலைக் கடை' என்று தமிழில் எழுதி வைத்தது. ஃபேர் என்றால் நியாயம் என்று போர்டு எழுதுகிற பெயிண்டருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சம்மரி வாங்கியிருப்பீர்கள். அதில் 'ஜெனரல் கண்டிஷன் ஃபேர்' என்று எழுதியிருப்பார்கள். ஆள் ஓரளவு தேறிவிட்டார் என்று அர்த்தம். மாமா ஆஸ்பத்திரியில் படுத்துச் சிவப்பாகிவிட்டார் என்று யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

டெல்டா பக்கம் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குப் பார்க்கும் தரத்துக்குப் பெயர் 'ஃபேர் ஆவரேஜ் குவாலிட்டி'. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி. மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லி எத்தனை தடவை போராடியிருக்கிறோம். இங்கே ஃபேர் என்றால் சுமார், பரவாயில்லை, நடுத்தரம். பழைய பிராக்ரஸ் கார்டிலும் அப்படித்தான். வெரி குட், குட், ஃபேர், புவர். 'ஃபேர்' வாங்கிக்கொண்டு போன பிள்ளைக்கு வீட்டில் பாராட்டா கிடைத்தது?

ஆக, 'ஃபேர் பிரைட் வான்ட்டட்' என்று விளம்பரம் கொடுக்கிற மாப்பிள்ளை வீட்டாரே, கொள்முதல் நிலையத்துக் கணக்குப்படி நீங்கள் கேட்பது 'சுமாரான பெண் தேவை' என்பதுதான். சிரிக்கத்தான் சொன்னேன். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

ஏனென்றால் இந்த ஒரு சொல்லை நாம் ஒரு மறைப்பாக வைத்திருக்கிறோம். "எங்களுக்குச் செவத்த பொண்ணுதான் வேணும், கறுப்பா இருந்தா வேண்டாம்" என்று தமிழில் நாலு பேர் நடுவில் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்கிறவருக்கே கொஞ்சம் கூசும். கேட்கிறவர் முகம் சுளிப்பார். அதையே 'ஃபேர்' என்று எழுதிவிட்டால் கூச்சம் போய்விடுகிறது. உயரம் எத்தனை, படிப்பு என்ன என்பதுபோல அதுவும் ஒரு விவரம் ஆகிவிடுகிறது. நம் தாய்மொழியில் சொல்ல வெட்கப்படுகிற ஒன்றைச் சொல்வதற்கா பிள்ளைகளுக்கு நாங்கள் இங்கிலீஷ் கற்றுக் கொடுத்தோம்?

வெள்ளைக்காரன் வந்துதான் நம்மைக் கெடுத்தான் என்று பழியை அவன் தலையில் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் நான் வரவில்லை. நம் தப்பு நம்முடையதுதான். ஆனால் நம் பழைய தமிழ் எப்படி இருந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகான நிறத்துக்கு 'மாமை' என்று பெயர். மாந்தளிர் போன்ற நிறம் என்று உரை சொல்வார்கள். 'மாயோள்' என்றே தலைவியைச் சொல்வார்கள். மாயோன் என்று திருமாலைச் சொல்கிறோமே, அதே கருமைதான். தலைவன் பிரிந்து போனால் அவள் மேனியில் பசலை படரும், நிறம் வெளிறும். வெளிறுவது அவர்களுக்கு அழகு போவது. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 27ஆம் பாடலில் தலைவியின் வருத்தமே அதுதான், பசலை தன் மாமையைத் தின்கிறதே என்று. திருக்குறளில் இந்தப் பசப்புக்கென்றே 119ஆம் அதிகாரம் இருக்கிறது. நிறம் வெளுத்தால் அழுத பெண்களின் பேத்திகளுக்குத்தான் நாம் நிறம் வெளுக்க க்ரீம் வாங்கித் தந்திருக்கிறோம்.

க்ரீம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். 'ஃபேர் அண்ட் லவ்லி' 1975இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஒரு தலைமுறையே அந்தப் பெயரில்தான் 'ஃபேர்' என்ற சொல்லையே முதன்முதலில் படித்தது என்று நினைக்கிறேன். 2014இல் விளம்பரத் தர அமைப்பு, கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு, உலகம் முழுக்கப் பேச்சு கிளம்பியபோது, அந்த க்ரீம் கம்பெனியே பெயரிலிருந்து 'ஃபேர்' என்பதை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று மாற்றியது. ஷாதி டாட் காம் என்ற கல்யாண இணையதளமும் அதே சமயத்தில் நிறத்தை வைத்துத் தேடும் வசதியை நீக்கியது. டப்பாவுக்குள் இருப்பது மாறியதா, மனசு மாறியதா என்பது வேறு கேள்வி. ஆனால் பெயரையாவது எடுத்தார்கள். விற்றவர்களே கூச்சப்பட்டு எடுத்த சொல்லை, வாங்கிய நாம் இன்னும் நம் பெண் பிள்ளைகளின் பயோடேட்டாவில் வைத்திருக்கிறோம்.

இதற்கு என்னென்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். நானே எழுதிவிடுகிறேன்.

"அவங்கவங்க விருப்பம், டீச்சர்." விருப்பம் இருக்கட்டும். ஒருவனுக்கு ஒருத்தியைப் பிடிப்பது, பிடிக்காமல் போவது நேரில் பார்த்த பிறகு வருகிற விஷயம். பார்ப்பதற்கு முன்பே, பேசுவதற்கு முன்பே, ஒரு கட்டத்தில் டிக் போட்டு நூறு பெண்களை வடிகட்டுவதற்கு விருப்பம் என்று பெயர் இல்லை.

"நாம மட்டும் போடலைன்னா நம்ம பொண்ணுதான் நஷ்டப்படுவா." இதுதான் நியாயமான பயம். அவள் அம்மாவின் பயமும் இதுதான், அவளை நான் திட்டவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். 'ஃபேர்' என்று நம்பி வருகிற வீடு, பெண்ணைப் பார்த்ததும் என்ன செய்யும்? பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிவிடும். அந்த அவமானம் யாருக்கு? அந்தச் சொல்லைப் பார்த்து மட்டுமே கதவைத் திறக்கிற வீட்டில் நம் பெண் போய் ஆயுசு முழுக்க வாழ வேண்டுமா? அந்தச் சொல் இல்லாததால் வராமல் போகிற வரன், வராமல் போவதே நல்லது.

"பையன் பயோடேட்டாலயும்தான் போடறாங்க." எத்தனை பேர் போடுகிறார்கள், போடாவிட்டால் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று உங்கள் வீட்டு வாட்ஸப் குரூப்பிலேயே எண்ணிப் பாருங்கள். பதில் கிடைத்துவிடும்.

இவ்வளவு சொல்கிற நான் யோக்கியமா என்றால், இல்லை. அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதிவே பொய்.

பல வருஷத்துக்கு முன்னால் ஆண்டு விழாவுக்கு ஸ்னோ ஒயிட் கதையைச் சின்ன ஆங்கில நாடகமாகப் போட்டோம். ராணி கண்ணாடியைப் பார்த்து 'யார் மிக ஃபேர்' என்று கேட்பாளே, அந்தக் கதைதான். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்டது. ஜெர்மன் மூலத்தில் ராணி கேட்பது, நாட்டிலேயே அழகானவள் யார் என்று. 'அழகு' என்பதற்குத்தான் அங்கே சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'ஃபேர்' என்று பெயர்த்தார்கள். அதை நாங்கள் 'செவப்பு' என்று புரிந்துகொண்டோம்.

என் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நாடகம் முழுவதையும், எல்லோருடைய வசனத்தையும், இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். கணீர் என்ற குரல். கடைசி பெஞ்சு வரை கேட்கும். கறுப்புப் பெண். நான் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அந்த இன்னொரு பொண்ணு நல்ல ஃபேரா இருக்கா, அவளையே ஸ்னோ ஒயிட்டா போட்டுடலாம்." அந்த இன்னொரு பெண் மேடையில் பாதி வசனத்தை மறந்து நின்றாள். பாவம், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

குரல் நன்றாக இருந்தவளுக்கு நான் என்ன வேஷம் கொடுத்தேன் தெரியுமா? மாயக் கண்ணாடியின் குரல். திரைக்குப் பின்னால் நின்று, இன்னொருத்திதான் எல்லோரிலும் அழகு என்று மைக்கில் சொல்ல வேண்டும். சொன்னாள். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். கைதட்டல் வந்தபோது அவளை மேடைக்குக் கூப்பிடக்கூட நான் மறந்துவிட்டேன்.

அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கே புரிந்திருக்கிறது, கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று. ஃபேராக இருக்கிறாள் என்று பார்த்து ஆளை எடுத்தேனே, நான் செய்தது ஃபேரா? அதே சொல்தான். எனக்கு அன்றைக்கு அகராதி பார்க்கத் தோன்றவில்லை.

அவள் இந்தப் பக்கத்தில் இருக்கிறாளா என்று தெரியாது. இருந்தால், இதைப் படித்தால், அம்மா, டீச்சரை மன்னித்துவிடு. இத்தனை வருஷம் தாமதமாகத்தான் சொல்கிறேன். நீ பதில் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

மற்ற எல்லோரிடமும் நான் கேட்பது மூன்றே விஷயம்.

வீட்டில் பயோடேட்டா தயார் செய்தால், நிறம் என்ற வரியையே எடுத்துவிடுங்கள். 'வீட்டிஷ்' என்றும் வேண்டாம். பெண் என்ன கோதுமையா?

வருகிற பயோடேட்டாவில் அந்த வரி இல்லையென்றால், போன் போட்டு "பொண்ணு கலரா இருக்குமா?" என்று கேட்காதீர்கள். பையனைப் பெற்ற என் மாணவிகளே, மாணவர்களே, இது உங்களுக்குத்தான். பெண் வீட்டார் பயந்து போடுகிறார்கள். நீங்கள் கேட்பதை நிறுத்தினால் அவர்கள் போடுவது தானாக நின்றுவிடும்.

ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளே, வகுப்பில் 'ஃபேர்' என்ற சொல் வந்தால் முதல் பொருளாக 'நியாயமான' என்று எழுதிப் போடுங்கள். நாடகம் போட்டால் வசனம் நன்றாகச் சொல்கிற பிள்ளைக்கு வேஷம் கொடுங்கள்.

எங்கள் வீட்டுப் பெண்ணின் பயோடேட்டாவைத் திருத்தி நேற்று அனுப்பிவிட்டேன். அந்த வரி இல்லை. அவள் அம்மா இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை, இரண்டு நாளில் சரியாகிவிடும். பெண் மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தாள். "இப்பதான் பெரியம்மா இது ஃபேர் காப்பி."

நான் கற்றுக் கொடுத்தது வீண் போகவில்லை.

— உங்கள் டீச்சர்